சூடம் அணைக்காத தலைவர்

கல்வராயன் மலையேறி வெள்ளிமலையைத் தாண்டிவிட்டால் என் கைபேசி வெறும் டார்ச் லைட்தான். நடவுக்கு மரவள்ளிக் குச்சி பேசி வைக்கலாம் என்று போனவன், நண்பர் வீட்டில் தங்கிவிட்டுக் காலைப் பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் வந்ததும் போன் துள்ளத் தொடங்கியது. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பூசாரி ஏழுமலை விடாமல் கூப்பிட்டிருக்கிறார். நான் அந்தக் கோயிலின் தர்மகர்த்தா. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார் என்பதால் அலட்சியமாகத்தான் எடுத்தேன்.

“சூசை தலைவரு பூட்டாருங்க. விடியகாலம் நெஞ்சு வலின்னு கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கினு போனாங்க. அங்கயே முடிஞ்சிபோச்சாம். கோயிலு நடைய தொறக்கறதா, சாத்தறதா? ஜனங்க கேட்டுக்கினு நிக்கறாங்க.”

ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும் வரை அம்மன் கோயில் நடையைத் திறப்பதில்லை. ஆனால் மாதா கோயில் தெருவில் விழும் சாவுக்கு இந்த வழக்கம் கிடையாது. அவர்கள் சாமி வேறு, அதனால் அவர்கள் சாவும் வேறு என்று யாரோ எப்போதோ முடிவு செய்து வைத்தது. எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் சூசைநாதன் மாதா கோயில் தெருக்காரர், கிறிஸ்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர். ஆகவே பூசாரி கேட்டது நியாயமான கேள்விதான். எனக்குத்தான் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. “சாத்து” என்றேன். போனை வைத்த பிறகு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் இருந்த கோழியை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.

மாதா கோயிலில் அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வரப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள், பாதிப் பேர் போடாதவர்கள். போடாதவர்கள்தான் என்னிடம் வந்து அதிகமாக அழுதுவிட்டுப் போனார்கள். பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதிப் பழகிய கை என்னுடையது. வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தலுக்கு வருமுன் சூசை மோட்டார் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். ரிஷிவந்தியம் போகிற சாலையில் கடை. புகைந்துபோன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவார். கரும்பு வாடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் போய்விட்டால் விவசாயிக்குக் கைகால் ஓடாது. அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும். போனால் மோட்டார் நாம் போட்ட இடத்திலேயே கிடக்கும். சூசையோ, “வெள்ளிக்கிழமதான் ஆவும்ணா. அவசரம்னா வேற கடைல குடுத்துக்கோங்க” என்பார். ஒருமுறை கோபம் வந்து வேறு கடையிலேயே கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை போய், அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. இத்தனைக்கும் ஊரில் சூசைக்குத்தான் கெட்ட பெயர். மனுஷனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர் என்பார்கள்.

அப்படிப்பட்டவர் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறார் என்றதும் டீக்கடைகளுக்கு நல்ல வேலை கிடைத்தது. நல்ல ஆளுதான், ஆனா நம்ம ஆளு இல்லையே என்றார்கள் சிலர். வேதக்காரன் ஜெயித்தால் அம்மன் தேருக்கு வழி விடுவானா, கோயில் தெருவுக்குத் தண்ணீர் திறப்பானா என்று சிலர். இதற்கு நேர் எதிராகவும் ஒரு கட்சி இருந்தது. வேதக்காரன் பொய் சொல்ல மாட்டான், அவனுக்கே போடலாம் என்றது அது. இதை நான் சூசையிடமே சொன்னேன். “யாருண்ணா சொன்னது? எங்க தெருவுல வந்து ஒரு நாளு உக்காந்து பாக்கச் சொல்லுங்க” என்று சிரித்தார்.

அவரோடு சுற்றிய இளவட்டங்கள் கொஞ்சம் விவரமானவர்கள். போஸ்டரில் சூசையை எடுத்துவிட்டு, ‘உங்கள் நாதன்’ என்று மட்டும் அடித்துவிட்டார்கள். கீழே பூட்டு சாவிச் சின்னம். நாதன் என்றால் எந்தச் சாமிக்கும் பொருந்துமே! ஊரெல்லாம் ஒட்டியும் ஆகிவிட்டது. காலையில் பார்த்த சூசை, பசை வாளியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். கடையில் வேலைகள் கிடக்க, ஒவ்வொரு சுவராகப் போய் முழுப்பெயர் எழுதிய தாளை மேலே ஒட்டினார். என் வீட்டுச் சுவருக்கு வந்தபோது, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

“ஓட்டப் போட்டப்பறம், அடடே இவன் சூசையான்னு யாரும் முழிக்கக் கூடாதுண்ணா. ஏமாந்தவன் அஞ்சு வருஷமும் என்ன மொறச்சிக்கினே இருப்பான்” என்றார்.

இங்கே ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து பூசைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர் வயல்கள் ஏரியை நம்பி இருப்பவை. வயலுக்கு வண்டல் அடிக்கிறோம் என்று விவசாயி பெயரில் அனுமதி வாங்கி, மண்ணைச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிடுவது பல காலமாக நடந்தது. மண் போகப் போக ஏரி குண்டும் குழியுமாகி, தண்ணீர் குழியிலேயே தேங்கி நின்றது. மதகும் உடைந்து கிடந்தது. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் செல்லம்மாளின் நிலம் அந்தக் கடைமடையில்தான் இருக்கிறது. நெல் விளைந்த நிலத்தில் அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் தலைவருக்கு நிற்கிறவர்கள் யாராக இருந்தாலும் அம்மன் கோயிலுக்கு வந்து, ஏரி மண்ணை விற்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பித்தளைத் தட்டில் சூடம் ஏற்றி, அது எரியும்போது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். தட்டைப் பிடிப்பது தர்மகர்த்தாவின் வேலை. என் அப்பா பிடித்தார், அவருக்குப் பிறகு நான் பிடித்தேன். என் கண்ணெதிரே எத்தனையோ பேர் அடித்து அணைத்திருக்கிறார்கள். பதவிக்கு வந்த சூட்டோடு லாரி ஏரிக்குள் இறங்கிவிடும். அம்மன் பொறுமைசாலி. யாருக்கும் கண் போகவில்லை, கால் போகவில்லை. சிலருக்கு மாடி வீடு வந்ததுதான் மிச்சம்.

சூசை வேதக்காரர், அம்மன் முன்னால் சூடம் அணைக்கச் சங்கடப்படுவார். ஊரும் விடாது. இதற்கு ஒரு வழி வேண்டுமே என்று யோசித்து, கள்ளக்குறிச்சிக்குப் போய் முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்தேன். கோயில் வாசலில் ஒரு பக்கம் தட்டில் சூடம், இன்னொரு பக்கம் மணல் நிரப்பிய சொம்பில் மெழுகுவத்தி. அவரவர் சாமிக்கு அவரவர் வெளிச்சம். இந்த ஏற்பாட்டில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மெழுகுவத்தியை ஏற்றினால் சத்தியமா, அணைத்தால் சத்தியமா என்று பூசாரி கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

எதிர்த்து நின்றவன் முத்துவேல். எனக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன், டிராக்டரும் நெல் மில்லும் வைத்திருப்பவன். அவன் வந்து சூடத்தை ஓங்கி அடித்த அடியில் என் கையில் தட்டே ஆடியது. “ஏரிலேர்ந்து ஒரு கூடை மண்ணு வெளிய போனா என் குடும்பமே வெளங்காது” என்றான். கூட்டம் கைதட்டியது.

அடுத்து சூசை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். மெழுகுவத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“எனக்காக இவ்ளோ தூரம் யோசிச்சீங்களே, சந்தோஷம்ணா. ஆனா சூடமும் வேணாம், மெழுகுவத்தியும் வேணாம்.”

“இன்னாத்துக்கு வேணான்ற?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“அம்மன் மேல நான் சத்தியம் பண்ணா அது என்னைக் கட்டாதுங்க. நான் கும்புடற சாமி இல்லையே. என்னைக் கட்டாத சத்தியத்த உங்களுக்குக் குடுத்தா, அது ஏமாத்து வேல.”

“செரி, உன் சாமி மேல பண்ணிட்டுப் போயேன்.”

“எங்க சாமி சத்தியமே பண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. வாயால சொல்றேன். ஏரி மண்ண வுட மாட்டேன்.”

பிறகு யாரோ, சத்தியம் பண்ண வேணாம்னு சொல்ற சாமி இன்னா சாமி என்று கேட்க, சிரிப்பு கிளம்பிவிட்டது. அவருடைய தெருக்காரர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். மாதா கோயில் தெருவில் அன்றைக்கு அவருக்கு விழுந்த திட்டு, எங்கள் தெருவில் விழுந்ததைவிட ஜாஸ்தி என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் மனைவி ரெஜினா என்னிடமே வந்து அங்கலாய்த்தார். “ஒரு மெழுகுவத்திதானங்க? ஏத்திட்டு வந்துக்கினே இருக்கலாம் இல்ல? இந்த மனுஷன் எதுக்குத்தான் வளைவாரு?”

சூசை தோற்றார். நல்ல வித்தியாசத்திலேயே தோற்றார். மறுநாள் கடையைத் திறந்து யாருக்கோ காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லப் போன என்னிடம், மெழுகுவத்தி வீணாக வேண்டாம், மாதா கோயிலில் ஏற்றிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. “ஜெயிப்பேன்னுதாண்ணா நெனச்சேன்” என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

முத்துவேல் காலத்தில் ஏரி என்ன ஆனது என்று நான் விவரிக்கப் போவதில்லை. அவனும் பூசைக்கு வருவான், சொந்தக்காரன் வேறு. அவன் குடும்பம் விளங்கித்தான் இருக்கிறது, இருக்கட்டும். லாரிகள் போய்க்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்புறம் பல வருடம் தேர்தலே நடக்கவில்லை. மீண்டும் அறிவிப்பு வந்தபோது, செல்லம்மாள் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்த கூட்டத்தில் பழைய பேச்சு கிளம்பியது. வேதக்காரனுக்கு எப்படிப் போடுவது என்று ஒருவர் ஆரம்பித்தார். செல்லம்மாள் இட்லித் துணியை உரித்துக்கொண்டே சொன்னார்:

“பொய்ச் சத்தியம் பண்றவனத்தான் எல்லாத் தபாவும் பாத்தோமே. பண்ண மாட்டேன்றவன ஒரு தபா பாத்தா இன்னா? அவனுக்கு ஏதோ ஒண்ணுக்குப் பயம் இருக்குதுய்யா. நம்ம ஆளுங்களுக்கு எதுக்காவது இருக்குதா?”

இதை அன்றிலிருந்து நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவனுடைய சாமி எது என்று நாம் ஏன் துருவுகிறோம்? அவன் நம்மைப் போலவே கும்பிடுகிறானா என்று பார்ப்பது ஒரு பக்கம். எதற்கு அடங்குவான் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு பக்கம். என் சாதி சனம் இதுவரை முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டு வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். செல்லம்மாளுக்குக் கடைமடையில் நிலம் இருந்ததால் இரண்டாவது பக்கமும் தெரிந்தது.

அந்த முறையும் கோயிலில் கூடினோம். மெழுகுவத்தி வாங்க நான் போகவில்லை. முத்துவேல் வழக்கம்போல அணைத்தான், இந்தத் தடவை இரண்டு கையாலும். சூசை கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். செல்லம்மாள் முன்னால் வந்து அவரைக் கூப்பிட்டார்.

“இங்க வா சூசை. உன்கிட்ட யாரும் சத்தியம் கேக்கல. நான் கேக்கறதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஏரி மண்ண வெளிய வுடுவியா?”

“இல்லக்கா.”

“வேண்டப்பட்டவன் கேட்டா?”

“இல்ல.”

“கோயில் தேருக்கு எதனா தடங்கல் பண்ணுவியா?”

“இல்ல.”

“மதகக் கட்டித் தருவியா?”

சூசை ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வேலை செய்த இளவட்டங்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆமா, ஆமா என்று வாயசைத்தார்கள். ஒருவன் தலையையே ஆட்டிக் காட்டினான்.

“தெரியலக்கா” என்றார் சூசை. “அதுக்கு கவர்மெண்டு பணம் குடுக்கணும். குடுக்கற வரைக்கும் போய் நிப்பேன். நிப்பேன்னு சொல்ல முடியும். கட்டுவேன்னு சொல்ல முடியாது.”

“ஐயோ” என்று இளவட்டங்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். செல்லம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செரி போ” என்றார். அது நல்ல ‘செரி போ’வா, கெட்ட ‘செரி போ’வா என்று ஓட்டு எண்ணும் வரை யாருக்கும் புரியவில்லை. சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் சூசை ஜெயித்தார். நான் யாருக்குப் போட்டேன் என்று முத்துவேல் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜெயித்தவரின் வார்த்தைக்குச் சோதனை அவருடைய வீட்டிலிருந்தே வந்தது. ரெஜினாவின் தம்பி அந்தோணி செங்கல் சூளை வைத்திருந்தார். மழைக்கு முன்னால் ஒரு சூளை வேக வைத்துவிட்டால் கடனிலிருந்து தலை தூக்கிவிடலாம் என்ற நிலை. ஒருநாள் காலை கரும்புக்குத் தண்ணீர் பார்க்கப் போனவன், ஏரிக்கரையில் லாரியையும் மண் அள்ளும் எந்திரத்தையும் பார்த்தேன். அவற்றுக்கு எதிரே சூசை தன் டிவிஎஸ் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அந்தோணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஊருக்கு முன்னால நீ சத்தியமா பண்ண மாமா? சும்மா இல்லன்னு ஒரு வார்த்த சொன்ன. அதுக்கு இவ்ளோ பயமா?”

“சத்தியம் பண்ணியிருந்தாக்கூடப் பரவால்லடா” என்றார் சூசை. “சாமிகிட்டப் போய் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுப்பேன். அவரு மன்னிச்சிடுவாரு, அவரு வேலையே அதானே. நான் செல்லம்மாக்காகிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். அந்தம்மா மன்னிக்காது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது. இத்தனை காலம் தட்டைப் பிடித்தவன் நான். நாங்கள் சத்தியத்தை அம்மன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவளிடம் ஒரு பொங்கல் வைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தோம். ஏமாந்த ஜனங்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இது எனக்கு அந்தக் கரையில் நின்றபோதுதான் உறைத்தது. லாரி திரும்பிப் போயிற்று. அந்தோணி சூளையை அந்த வருடம் வேறு இடத்து மண்ணை வாங்கி, கம்மியாகத்தான் வேக வைத்தார். ரெஜினா சூசைக்கு நேரத்துக்குச் சோறு போட்டார், ஆனால் வெகுநாள் பேசவில்லை. “வூட்ல ரொம்ப அமைதியா இருக்குதுண்ணா” என்று சூசை என்னிடம் சொன்னபோது அவர் முகம் வாடித்தான் இருந்தது.

ஊர் பயந்த தேர்த் திருவிழாவும் வந்தது. தேர் கிளம்பும் முன் தலைவருக்குத் தலையில் பட்டுத்துணி கட்டிப் பரிவட்ட மரியாதை செய்வது வழக்கம். கட்டினால் அவர் வாங்குவாரா, கட்டாவிட்டால் அவமானமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அவரோ விடிந்ததிலிருந்து லைன்மேனோடு தெருத் தெருவாகப் போய், தேருக்குத் தட்டுகிற கம்பிகளையெல்லாம் பார்த்து, கரண்ட்டை நிறுத்த வைத்துவிட்டு, சட்டையெல்லாம் வேர்வையோடு வந்து சேர்ந்தார்.

“தேர்க்கயிறு புடிக்கறேண்ணா. அது வேல. பரிவட்டம் பக்தி. அத்த பக்தி இருக்கறவங்களுக்குக் கட்டுங்க. முத்துவேலு இருக்காரு பாருங்க, அவருக்குக் கட்டுங்க.”

கூட்டத்தில் நின்றிருந்த முத்துவேல் எதிர்பார்க்கவே இல்லை. பரிவட்டத்தோடு அவன் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே! தேர்தலில் தோற்றவனுக்குப் புது மாப்பிள்ளை மாதிரி ஒரு வெட்கம். சூசை கயிற்றைப் பிடித்து இழுத்ததில் நிலைக்கு வந்து சேரும்போது அவர் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. மாதா கோயில் திருவிழாவில் தேர் தூக்க எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வருடம் தாமாகவே போனார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

மதகுக்காக அவர் ரிஷிவந்தியத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடந்த நடைக்கு அளவில்லை. அலுவலகங்களில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நிற்பேன் என்றுதானே சொன்னேன் என்று கேலியாகச் சொல்வார். கடைசியில் மதகு வந்தது. புது மதகு வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் போன அன்று, செல்லம்மாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வயலுக்கு ஓடினார். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு. “கட்டிட்டியே சூசை” என்றார். “எனக்கே நம்பிக்க இல்லக்கா” என்றார் அவர். போன தை மாதம் செல்லம்மாள் தன் நிலத்து நெல்லில் இரண்டு இடத்துக்கு அரிசி கொடுத்தனுப்பினார். ஒன்று அம்மன் கோயிலுக்கு, ஒன்று ரெஜினாவுக்கு. நல்லபடியாக வாழ்ந்து, கண்ணால் பலனைப் பார்த்துவிட்டுப் போன மனிதர் சூசை. அதனால்தான் எனக்கு அழுது முடித்தபின் ஒரு நிறைவும் இருக்கிறது.

போன வாரம் முத்துவேல் வீட்டுக்கு வந்தான். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறானாம். நின்றால் நிற்கட்டும். வந்த விஷயத்தைச் சொல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

“மாமா, இந்தத் தபா சூடம் கீடமெல்லாம் வேணாம்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. செல்லம்மாதான் ஏத்தி வுடுது. எல்லாரையும் நிக்க வெச்சி ஆமாவா, இல்லையான்னு கேக்கப் போவுதாம்.”

“கேக்கட்டுமே.”

“நீங்க சூடமே ஏத்துங்க மாமா. தட்டு உங்க கைலதான இருக்குது? சூடம்னா அடிச்சிட்டு வந்துக்கினே இருப்பேன். ஜனங்க மூஞ்சியப் பாத்து வெறும் வாயால சொல்லுன்னா, எனக்கு நாக்கே எழும்பாது.”

எங்கள் குடும்பத்தில் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. என் தாத்தா, அப்பா, நான், எல்லோரும் ‘பார்க்கலாம்’ என்போம். கேட்டவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போவார், நாங்கள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மரியாதையும் கெடாது, காரியமும் நடக்காது. முத்துவேல் சொந்த அக்காள் மகன் மாதிரி, வீடு தேடி வந்து கெஞ்சுகிறான். பார்க்கலாம் என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது.

“இல்ல முத்துவேலு. ஏத்த மாட்டேன்” என்றேன்.

சூசைநாதனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான். இந்த வயதில், சொந்தக்காரன் முகத்துக்கு நேரே ஒரு ‘இல்லை’யைச் சொல்ல அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முத்துவேலுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்ப, மண்ண வுட மாட்டேன்னு நான் சொன்னா, நெஜமாவே வுடாம இருக்கணுமா மாமா?” என்று கேட்டான்.

“ஆமா” என்றேன்.